எரியும் நகரும் அறியாப் பார்வையாளரும்: ‘ஓவர்லோர்ட்’ தொடரின் பொய்ப்போர் அத்தியாயங்கள் பற்றிய ஒரு தமிழ் வாசிப்பு

ஜப்பானிய எழுத்தாளர் மருயாமா குகானே 2010 இல் இணையத்தில் எழுதத் தொடங்கி, 2012 முதல் நூல்களாக வெளிவரும் ‘ஓவர்லோர்ட்’ என்னும் கற்பனைப் புனைகதை வரிசை, மாட்ஹவுஸ் நிறுவனத்தின் தயாரிப்பிலும் இதோ நவோயுகியின் இயக்கத்திலும் 2015 இல் அனிமேத் தொடராயிற்று. அதன் இரண்டாம் பருவம் 2018 சனவரி முதல் ஏப்ரல் வரை பதின்மூன்று அத்தியாயங்களாக ஒளிபரப்பானது. அப்பருவத்தின் இறுதி மூன்று அத்தியாயங்களே இக்கட்டுரையின் பொருள். அவற்றில் ஒரு தலைநகரம் அரக்கர்களால் தாக்கப்படுகின்றது. மாவீரன் ஒருவன் வந்து அந்நகரை மீட்கின்றான். தாக்கியவனும் மீட்டவனும் ஒரே அணியினர் என்பது பார்வையாளருக்குத் தெரியும், நகருக்குத் தெரியாது.

தமிழாராய்ச்சி மாநாடொன்றில் இத்தகைய பொருள் ஏன் என்ற கேள்விக்கு நீண்ட விடை தேவையில்லை. ரொறன்ரோவின் சென் ஜேம்ஸ் ரவுணில், கனடிய நகரங்களின் பெயர் தாங்கிய அடுக்குமாடிகளுக்குள் வளர்ந்த தமிழ் இளையோர் பலருக்கு, கம்பனை அறிவதற்கு முன்பே அனிமே அறிமுகமாகிவிடுகின்றது. அதைக் குறையாகச் சொல்வது எம்மிடையே வழக்கம். அவர்கள் பார்ப்பதைத் தமிழ் இலக்கியத் திறனாய்வின் கருவிகளைக் கொண்டு பார்த்தால் என்ன கிடைக்கும் என்று கேட்பது அரிது. இக்கட்டுரை அவ்வாறு கேட்டுப் பார்க்கின்றது. ‘வஞ்சகப் போர்’ என்ற பொருளில் எமது காப்பியங்கள் வறியன அல்ல என்பதால் இக்கேள்விக்கு ஓரளவு பயனுள்ள விடையும் கிடைக்கின்றது.

கதையின் அடித்தளத்தைச் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். 2138 ஆம் ஆண்டில் மூடப்படும் இணைய விளையாட்டொன்றின் இறுதிக் கணம்வரை அதனுள்ளே தங்கிவிட்ட ஓர் அலுவலக ஊழியன், தன் விளையாட்டு வடிவமாகிய எலும்புருக்கொண்ட மாயாவியாகவே வேறோர் உலகில் விழித்தெழுகின்றான். நசாரிக் என்னும் மாபெரும் நிலவறைக் கல்லறையும் அதன் காவலர்களும் அவனோடு வந்துவிடுகின்றனர். ஐன்ஸ் ஊல் கௌன் என்ற பெயரில் அவர்களை ஆளும் அவன், மனிதரிடையே மோமொன் என்ற கருங்கவச வீரனாக மாறுவேடத்தில் உலவுகின்றான். அவனுடைய காவலர்களுள் சூழ்ச்சியில் வல்லவன் டெமியுர்ஜ். ரெ-எஸ்டீஸ் இராச்சியத்தின் தலைநகரில் யல்டபாவோத் என்ற அரக்கர்கோனாக முகமூடி அணிந்து தோன்றுபவன் இவனே.

பெயரிலேயே ஒரு விளையாட்டு உண்டு. டெமியுர்ஜ் என்பது பிளேட்டோவிடம் உலகை வனைந்த கைவினைஞனைக் குறிக்கும் சொல். பிற்கால ஞானவாத நூல்கள் அக்கைவினைஞனையே குறைபட்ட, செருக்குற்ற படைப்பாளியாக மாற்றி யல்டபாவோத் என்று அழைத்தன. எனவே முகமூடியின் பெயரும் முகத்தின் பெயரும் ஒன்றே. தன்னை மறைப்பவன் தன் பெயரை உரக்கச் சொல்லியே மறைகின்றான். அந்நகரில் அந்நூல்களைப் படித்தவர் எவரும் இல்லை. அதனால் மறைப்பு வெற்றி பெறுகின்றது. கல்வி ஒரு நகரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய அரிய இடம் இது என்று வேடிக்கையாகச் சொல்லத் தோன்றுகின்றது.

எதிரி யார் என்ற வினா

இவ்வத்தியாயங்களின் மிகச் சிறந்த கணம் பெரும் போரில் இல்லை. அதற்கு முந்திய ஒரு சிறு தயக்கத்தில் இருக்கின்றது. நீலரோசா என்னும் வீரர் குழுவைச் சேர்ந்த முகமூடி மாயாவி ஈவில்-ஐ, தோழியர் இருவரை இழந்த நிலையில், யல்டபாவோத்தின் முன் தனித்து நிற்கின்றாள். அப்போது வானிலிருந்து மோமொன் இறங்குகின்றான். இருவருக்கும் இடையே நின்று, தன் எதிரி இவர்களுள் யார் என்று வினவுகின்றான்.

ஈவில்-ஐயின் செவியில் அது ஒரு மாவீரனின் மிடுக்கான முதற்சொல்லாக விழுகின்றது. பார்வையாளர் அதை வேறுவிதமாகக் கேட்கின்றனர். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தன் அமைச்சன் என்ன திட்டம் வகுத்திருக்கின்றான் என்பது அவனுக்குச் சொல்லப்படவில்லை. முகமூடிக்குள் இருப்பவன் தன்னவன் என்பதை ஊகித்துவிட்டான். தான் எந்தப் பாத்திரத்தை ஏற்க வேண்டும் என்பதைத்தான் கேட்கின்றான். யல்டபாவோத் பணிவுடன் தலைதாழ்த்தித் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் முறையில் விடை கிடைக்கின்றது. பகைவரிடையே நிகழும் சம்பிரதாயச் சொற்பரிமாற்றமாக ஈவில்-ஐ கேட்பது, ஒரு நடிகன் மற்றொரு நடிகனுக்கு அடுத்த காட்சியை எடுத்துக்கொடுப்பதாகும். ஒரே உரையாடல் இரு செவிகளுக்கு இரு பொருள் தருமாறு அமைந்திருப்பது, எமது மரபில் இரட்டுற மொழிதல் எனப்படுவதற்கு மிக நெருங்கியது. இங்கே இரட்டுறுவது சொல்லன்று, சூழல்.

இதனைத் தொடர்ந்து நகரின் ஒரு பகுதியைச் சூழ்ந்து தீச்சுவர் ஒன்று எழுகின்றது. கெகென்னா என்று அதற்குப் பெயர். எருசலேமை அடுத்த பள்ளத்தாக்கின் பெயர் நரகின் பெயராகிப் பின் இங்கு வந்து சேர்ந்திருக்கின்றது. வீரர்கள் அச்சுவரைக் கடந்து உள்ளே செல்ல முடிகின்றது. அது எரிப்பதற்கு மூட்டிய தீ அன்று. எல்லை வரைவதற்கு மூட்டிய தீ. அவ்வெல்லைக்குள் அடங்கியிருப்பது களஞ்சியங்கள் நிறைந்த பகுதி. மோமொனும் யல்டபாவோத்தும் மீண்டும் மோதுகின்றனர். மோதலின் வேகத்தில் மோமொன் ஒரு வீட்டினுள் வீசப்படுகின்றான். அவ்வீட்டினுள் இருவரும் அமைதியாகப் பேசுகின்றனர். வெளியே பணிப்பெண் உருவிலான அரக்கியரோடு ஈவில்-ஐயும் மோமொனின் துணைவி நாபேயும் போரிடுகின்றனர். அப்போரிலும் ஈவில்-ஐ ஒருத்தியே போரிடுகின்றாள், மற்றையோர் நடிக்கின்றனர்.

வீட்டினுள் டெமியுர்ஜ் விளக்கும் திட்டம் தெளிவானது. களஞ்சியச் செல்வம் நசாரிக்கைச் சேரும். எட்டு விரல்கள் என்னும் குற்றக்கும்பலை நசாரிக்கினர் முன்னரே தாக்கியிருந்தனர். அதன் சுவடு அரக்கர் படையெடுப்பின் ஆரவாரத்தில் மறையும். பழி முழுவதும் இல்லாத ஒருவனாகிய யல்டபாவோத்தின் மேல் விழும். புகழ் முழுவதும் மோமொனைச் சேரும். உள்ளே அகப்பட்ட மனிதர் கொண்டுசெல்லப்படுவர். அவர்களுக்கு என்ன நேரும் என்பதை அத்தியாயம் மிகச் சில சொற்களில் கடந்து செல்கின்றது.

யூகியின் நகரம்

இக்கதையமைப்பைக் காணும் தமிழ் வாசகருக்கு முதலில் நினைவுக்கு வரவேண்டியது பெருங்கதை. பைசாச மொழியில் குணாட்டியர் இயற்றியதாகக் கூறப்படும் பிருகத்கதையின் வழிவந்த இச்சமணக் காப்பியத்தை இயற்றியவர் கொங்குவேளிர். முதலும் இறுதியும் சிதைந்த நிலையில் கிடைத்த அதனை உ. வே. சாமிநாதையர் 1924 இல் பதிப்பித்தார். உதயணன் என்னும் அரசன் உஞ்சை நகரில் பகையரசன் பிரச்சோதனனின் சிறையில் இருக்கின்றான். அவனுடைய அமைச்சன் யூகி மாறுவேடத்தில் அந்நகரில் நுழைகின்றான். தான் இறந்துவிட்டதாக முன்னரே செய்தி பரப்பியிருக்கின்றான். அவனுடைய சூழ்ச்சியால் நளகிரி என்ற பட்டத்து யானை வெறிகொண்டு நகரை அழிக்கின்றது. அதனை அடக்க வல்லவன் சிறையிலுள்ள உதயணன் ஒருவனே. யாழிசையால் அவன் அதை அடக்குகின்றான். நகர் அவனைக் கொண்டாடுகின்றது. பகையரசனே அவனை விடுவித்துத் தன் மகள் வாசவதத்தைக்கு யாழாசிரியனாக்குகின்றான். பின்னர் நகர மாந்தர் நீர்விழாவுக்குச் சென்ற வேளையில் யூகியின் ஆட்கள் நகருக்குத் தீயிடுகின்றனர். அக்குழப்பத்தில் உதயணன் வாசவதத்தையைப் பத்திராபதி என்ற பிடியின் மேல் ஏற்றிக்கொண்டு தப்புகின்றான். ‘ஊர் தீயிட்டது’, ‘பிடியேற்றியது’ என்றே அக்காதைகளுக்குப் பெயர்.

அமைச்சன் கேட்டை உண்டாக்குகின்றான், அரசன் அக்கேட்டை நீக்கிப் புகழ் பெறுகின்றான், நகரின் குழப்பம் வேறொரு செயலுக்குத் திரையாகின்றது. டெமியுர்ஜின் திட்டம் கிட்டத்தட்ட உறுப்புக்கு உறுப்பு யூகியினுடையதே. மருயாமா பெருங்கதையை அறிந்திருப்பார் என்று சொல்ல எவ்வித ஆதாரமும் இல்லை. அப்படிச் சொல்வது என் நோக்கமும் அன்று. எங்கோ ஒரு கதைமரபு மற்றொன்றில் ‘பாதிப்புச் செலுத்தியது’ என்று நிறுவும் வேட்கை எம்மாநாடுகளில் அளவுக்கு மீறி நிகழ்ந்துவிட்டது. இரு வேறு காலங்களில் இரு கதைசொல்லிகள் ஒரே சூழ்ச்சியை வந்தடைந்தனர் என்பதே போதுமானது. ஒப்பீடு பயன்படுவது அவர்கள் பிரியும் இடத்தில்தான்.

பிரிவு முதலில் அரசனிடத்தில் தோன்றுகின்றது. இலாவாண காண்டத்தில் யூகி தன் அரசனையே ஏமாற்றுகின்றான். அரண்மனைக்குத் தீயிட்டு வாசவதத்தை இறந்தாள் என்று நம்பச்செய்கின்றான். இழந்த நாட்டை மீட்க உதயணன் மகத நாட்டுப் பதுமாவதியை மணக்க வேண்டும் என்பது அவன் கணக்கு. உதயணன் அறியாமல் இருக்கின்றான், அறியாமையால் அழுகின்றான். அமைச்சனின் அறிவுக்கு அரசனின் துயரம் விலையாகின்றது. ஐன்ஸும் தன் அமைச்சனின் திட்டத்தை அறியாதவனே. ஆயினும் அவன் அறிந்தவனாக நடிக்கின்றான். தன் அடியார்களின் பார்வையில் எல்லாம் அறிந்த அரசனாக இருக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு. அவன் இறவா உடலினன் ஆதலால், உணர்ச்சி பொங்கும்போதெல்லாம் அது தானாகவே அடங்கிவிடுகின்றது. உதயணனுக்குக் கிடைத்த அழுகை அவனுக்குக் கிடையாது. முகமூடிகள் இத்தனை நிறைந்த கதையில் மிகவும் இறுக்கமான முகமூடி அவனுடைய எலும்பு முகமே. ஈவில்-ஐக்காக ஒருவன், தன் அமைச்சனுக்காக ஒருவன் என இரு அவைகளுக்கு ஒரே வேளையில் நடிக்கும் அவனுடைய திண்டாட்டம்தான் இத்தொடரின் நகைச்சுவைக்கு ஊற்று. இந்நகைச்சுவை உயர்ந்த தரத்தது. சிறு பதவியிலிருந்து பெரும் பதவிக்குத் தள்ளப்பட்ட எந்த அலுவலரும் அதை உணர்வார்.

இரண்டாவது பிரிவு கடுமையானது. பெருங்கதை, உதயணன் தப்பியபின் அவனோடு மட்டும் ஓடிவிடுவதில்லை. பின்தங்கியோரின் அழுகையைக் கேட்பதற்காகவே அது சில காதைகளை ஒதுக்குகின்றது. விலாவணை, அதாவது புலம்பல், என்ற சொல்லே அவற்றின் தலைப்புகளில் இடம்பெறுகின்றது. காப்பியம் யூகியின் பக்கமே நிற்கின்றது. வெற்றி அவனுக்குரியது என்பதில் அதற்கு ஐயமில்லை. இருந்தும் ஏமாற்றப்பட்டோரின் துயருக்கு அது இடம் தருகின்றது. அனிமே இதனைச் செய்யவில்லை.

விலக்குப் பட்டியல்

தமிழிலக்கியத்தில் தீயும் போரும் நகரை நெருங்கும்போது கூடவே ஒரு பட்டியலும் வருவதை நோக்கலாம். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்று ஒன்பதாம் பாடல், அம்பு பாயுமுன் யார் யார் விலகிச் செல்லவேண்டும் என்று அறிவிக்கும் அறத்தைப் போற்றுகின்றது: ஆக்கள், அந்தணர், பெண்டிர், பிணியாளர், புதல்வரைப் பெறாதோர். மதுரைக்குத் தீயிடும் கண்ணகியும் தீக்கடவுளுக்கு ஒரு விலக்குப் பட்டியல் தருகின்றாள்; முதியோரும் குழந்தைகளும் அதில் உளர். அப்பட்டியல்களில் யார் சேர்க்கப்பட்டனர், யார் விடுபட்டனர் என்பன இன்று கேட்கவேண்டிய கேள்விகளே. அந்தணருக்கும் ஆக்களுக்கும் தரப்பட்ட முன்னுரிமையை எளிதில் ஏற்க முடியாது. ஆயினும் பட்டியல் இருக்கவேண்டும் என்ற உணர்வு அங்கே இருக்கின்றது. சினத்தின் உச்சியிலும் கண்ணகி எண்ணிப் பார்க்கின்றாள்.

டெமியுர்ஜிடமும் பட்டியல் உண்டு. அவனுடைய தீச்சுவர் கண்மூடித்தனமாக எழுந்ததன்று; எந்தப் பகுதியைச் சூழவேண்டும் என்பது கணக்கிடப்பட்டது. ஆனால் அது விடுவிக்கப்பட வேண்டியோரின் பட்டியல் அன்று. எடுத்துச் செல்லவேண்டிய பொருள்களின் பட்டியல். மனிதரும் அதில் பொருள்களின் வரிசையிலேயே வருகின்றனர். வன்முறையின் அளவைக் காட்டிலும் இந்த நிரலே அச்சமூட்டுவது. கதை அதை அறிந்தே செய்கின்றது என்பது என் கருத்து. டெமியுர்ஜின் குரலில் சினம் இல்லை. பொறுப்புள்ள ஒரு மேலாளரின் மகிழ்ச்சி மட்டுமே இருக்கின்றது. கேட்டுக்கொண்டிருப்பவனும் முன்னாள் அலுவலக ஊழியன். தீமையை இவ்வாறு அலுவலகச் செயற்குறிப்பாக வடித்ததில் இத்தொடரின் கூர்மை புலப்படுகின்றது.

இந்த இடத்தில் எம்மவர் பார்வை வேறுபடுகின்றது. எல்லை வரைந்து, அதற்குள் மக்களை அடைத்து, அவ்வெல்லைக்கு நல்ல பெயரொன்று சூட்டுவதை வன்னியிலிருந்து வந்தோர் கதையாக அறிந்தவர் அல்லர். 2009 சனவரியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயங்களுள் எறிகணைகள் வீழ்ந்தன. உயிரிழந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் குறிப்பிட்டது. அந்நடவடிக்கைக்கு ‘மனிதாபிமானம்’ என்ற அடைமொழி தரப்பட்டிருந்தது. அழிவும் மீட்பும் ஒரே கையிலிருந்து வருவதும், மீட்பின் படம் மட்டும் உலகுக்குக் காட்டப்படுவதும் எமக்குக் கற்பனை அல்ல. இவ்வத்தியாயங்களை முள்ளிவாய்க்காலின் உருவகம் என்று கூறுவது பொருந்தாது. ஆசிரியரின் நோக்கில் அதற்கு இடமில்லை, படைப்பின் தொனியும் அதைத் தாங்காது. ஆனால் ஒரு படைப்பு எங்கு வாசிக்கப்படுகின்றதோ அங்குள்ள நினைவுகளும் அதன் பக்கங்களுக்கிடையே செருகப்படுகின்றன. ஈவில்-ஐ மோமொனை நன்றியுடன் நிமிர்ந்து பார்க்கும்போது ஜப்பானியப் பார்வையாளர் சிரிக்கலாம். சென் ஜேம்ஸ் ரவுணில் அதே காட்சியைக் காணும் ஒரு தாய் சிரிக்காதிருக்கவும் கூடும்.

அவ்வயலுக்கே உரிய வேறொரு நினைவும் உண்டு. 2010 செப்டெம்பர் 24 அன்று வெல்லெஸ்லி வீதி கிழக்கின் 200 ஆம் இலக்க அடுக்குமாடியில் மூண்ட தீ, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வெளியேற்றியது. இவ்வத்தியாயங்கள் ஒளிபரப்பான 2018 ஆம் ஆண்டிலேயே, ஓகஸ்ட் 21 அன்று, பார்லிமென்ற் வீதி 650 ஆம் இலக்கக் கட்டடத்தில் மின்தீ ஏற்பட்டு ஏறத்தாழ 1,500 பேர் வீடிழந்து ஓராண்டுக்கு மேலாக அலைந்தனர். அத்தகைய இரவுகளில் முதலில் நடக்கும் வேலை, யார் வெளியே வந்தார், யார் வரவில்லை என்று பெயர் கூறி எண்ணுவது. மாடி வாரியாக, கதவு வாரியாக எண்ணுவர். ரெ-எஸ்டீஸ் தலைநகரில் அவ்வாறு எண்ணுபவர் எவரையும் இத்தொடர் காட்டுவதில்லை. அந்த இன்மையை ஒருமுறை கவனித்துவிட்டால் வெற்றி ஆரவாரம் காதில் சரியாக விழுவதில்லை.

வண்டு இல்லாத நகரம்

கம்பனின் யுத்த காண்டத்தில் பொய்க்காட்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. மாயா சனகப் படலத்தில் மருத்தன் என்னும் அரக்கன் சனகன் உருவில் சீதையின் முன் நிறுத்தப்படுகின்றான். மாயா சீதைப் படலத்தில் இந்திரசித்து, அனுமன் கண்முன் மாயச்சீதையை வெட்டி, அடுத்து அயோத்தியை அழிக்கச் செல்வதாகக் கூறிவிட்டு, உண்மையில் வேள்வி செய்ய நிகும்பலைக்குச் செல்கின்றான். நகரொன்றின் மேல் நிகழவிருப்பதாகச் சொல்லப்படும் தாக்குதல் இங்கு வெறுந்திரை. இராமனும் சேனையும் துயரில் மூழ்கியிருக்கும்போது, வீடணன் வண்டின் உருவெடுத்து அசோகவனத்துக்குப் பறந்து, சீதை உயிரோடிருப்பதைக் கண்டு வருகின்றான்.

அந்த வண்டு சிறியது. ஆனால் காப்பியத்தின் அறநிலை முழுவதும் அதன் மேல் நிற்கின்றது. பொய்க்காட்சியைச் சரிபார்க்கச் செல்லும் ஒருவர் கதைக்குள்ளேயே இருக்கின்றார் என்பதே அதன் பொருள். அதிலும் அவர் ஏமாற்றியோரின் குலத்திலிருந்து வந்தவர். அவர்களுடைய கைத்திறனை உள்ளிருந்து அறிந்தவர். ரெ-எஸ்டீஸ் தலைநகரில் வண்டு இல்லை. ஈவில்-ஐ நூற்றாண்டுகள் வாழ்ந்தவள். தன் இயல்பை முகமூடியால் மறைத்து மனிதரிடையே உலவுபவள். மாறுவேடத்தை மாறுவேடமே கண்டுகொள்ளும் என்று எதிர்பார்க்க இடமுண்டு. கதை அவளைக் காதலில் வீழ்த்தி அவ்வாய்ப்பை மூடிவிடுகின்றது. இது நகைச்சுவைக்குப் பயன்பட்டாலும் படைப்பின் பெருங்குறை என்றே எனக்குத் தோன்றுகின்றது. மிகக் கூர்மையான அறிவுடையவளாக முன்னர் காட்டப்பட்டவளை, நாயகனின் கைகளில் ஒருமுறை தாங்கப்பட்டதும் பேதையாக்குவது, கதைசொல்லியின் தேவைக்காக நிகழ்வது. அவளுடைய இயல்பிலிருந்து நிகழ்வதன்று. இளவரசி ரென்னர் ஒருத்திக்கே முழுவதும் புரிந்துகொள்ளும் ஆற்றல் உண்டு. அவள் யார் பக்கம் என்பதைத் தொடர் பின்னர் வெளிப்படுத்துகின்றது. அறியக்கூடியவள் அறிவித்தற்கு உரியவள் அல்லள்.

எனவே உண்மையை அறிந்தவர் நசாரிக்கினரும் பார்வையாளருமே. கூத்தின் வட்டக்களரியில் வீமனும் துரியோதனனும் மோதும்போது அது நடிப்பென்பதைச் சூழ இருப்போர் யாவரும் அறிவர், அறிந்தே அழுவர். இங்கு களரியைச் சூழ்ந்திருக்கும் நகரத்தாருக்குத் தாம் பார்வையாளர் என்பதே தெரியாது. தொலைவிலிருக்கும் எமக்குத் தெரிகின்றது. நாம் வீடணனைப் போல் அறிகின்றோம், ஆனால் பறந்துசென்று சொல்ல இயலாது. சொல்ல இயலாத அறிவு மெல்ல உடந்தையாக மாறுகின்றது. மோமொனின் தந்திரம் பலிக்கவேண்டும் என்று நாமே விரும்பத் தொடங்குகின்றோம். ‘தீமையைக் கொண்டாடும் படைப்பு’ என்று இத்தொடரைக் கண்டிப்போர் இவ்வனுபவத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கொண்டாடுகின்றவர் படைப்பாளியா, பார்ப்பவரா என்ற வினாவைத் தொடர் எழுப்புகின்றது. அவ்வினாவை முற்றும் நிறைவேற்றுகின்றதா என்றால், இல்லை. இரு நூற்பகுதிகளின் பொருளை எட்டு அத்தியாயங்களுக்குள் அடக்கிய அவசரத்தில், வீட்டினுள் நிகழும் உரையாடல் விரைந்து முடிந்துவிடுகின்றது. கணினியால் வரைந்த அரக்கர் கூட்டமும் கண்ணுக்கு உவப்பாக இல்லை. திட்டத்தைக் கேட்கும் ஐன்ஸின் ஒரு கண நிசப்தத்துக்கு இன்னும் சற்று நேரம் கொடுத்திருந்தால், அம்மௌனத்துக்குள் முன்னாள் மனிதன் இருக்கின்றானா என்று நாம் தேடியிருப்போம்.

நகரின் பக்கம் கமரா திரும்பும் இடமும் ஒன்றுண்டு. அது தொடரின் ஓரத்தில், நாயகர் அல்லாத மூவரிடம் நிகழ்கின்றது. இளவரசியின் காவலன் க்ளைம், வாள்வீரன் ப்ரெயின் உங்லாஸ், முன்னாள் சாகசவீரன் லொக்மையர் ஆகியோர் தீச்சுவரின் உள்ளே புகுந்து, அங்கு வாழ்ந்தவர்களைத் தேடுகின்றனர். புகழுக்காகவோ கொள்ளைக்காகவோ அன்றி, மனிதரைத் தேடி அச்சுவருக்குள் சென்றோராக இத்தொடர் முன்னிறுத்துவது இம்மூவரையே. வழியில் நசாரிக்கின் காவலருள் ஒருத்தியாகிய ஷால்டியர் எதிர்ப்படுகின்றாள். முன்பொருமுறை ப்ரெயினை வாளும் எடுக்காமல், நகத்தாலேயே வென்று, அவன் வாழ்நாள் பயிற்சியைப் பொருளற்றதாக்கியவள் அவள். மற்றையோர் தப்பிச் செல்ல நேரம் தரும்பொருட்டு அவன் நின்று வாள்வீசுகின்றான். அவளுடைய நகமொன்று வெட்டுண்கின்றது. அவ்வளவுதான். அவளுக்கு அது சிறு எரிச்சல். அவனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வருகின்றன.

பெரும்போர் முழுவதும் பொய்யாக இருக்கும் நகரில் வெட்டுண்ட அந்த நகம் மெய். அதைப் பார்த்திருந்தோர் மிகச் சிலர். ஆரவாரித்தோர் எவரும் இல்லை. மறுபுறம் மோமொனுக்கு எழும் ஆரவாரம் வானைப் பிளக்கின்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்த ஆசிரியரின் கைத்திறனை மறுக்க இயலாது. புறத்திணை மரபில் தனித்து நின்று படையைத் தடுக்கும் வீரனுக்கு உரிய இடத்தை இங்கே பெறுபவன், மாவீரன் என்று பெயர் பெற்றவன் அல்லன், நகம் வெட்டியவன்.

2022 இல் வெளிவந்த நான்காம் பருவம் இதே தலைநகருக்கு மீண்டும் வருகின்றது. இம்முறை முகமூடி இல்லை, மாவீரன் இல்லை, தீச்சுவரும் இல்லை. நசாரிக் தன் பெயரிலேயே வந்து நகரைத் தரைமட்டமாக்குகின்றது. ப்ரெயின் அங்கே இறக்கின்றான். ரென்னர் தான் விரும்பிய விலையைப் பெற்றுக்கொண்டு நசாரிக்கை அடைகின்றாள். 2018 இல் மோமொனுக்கு ஆரவாரித்த நகரத்தாருள் எவரும் அப்பருவத்தில் பெயர் சொல்லி எண்ணப்படுவதில்லை.